யுகுலேலி செய்யும் வகுப்பு: 14 வாரக் குறிப்புகள்

தச்சு வேலை கற்கச் சேர்ந்த வகுப்பில் முதலில் முக்காலி செய்யச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, கிதார் போன்ற, நான்கு தந்திகள் கொண்ட சிறிய இசைக்கருவியான சோப்ரானோ யுகுலேலி ஒன்றை முதல் வேலையாகக் கொடுத்தார்கள். முக்காலியின் கால் 2 மி.மீ. குறைந்தால் அடியில் ஓர் அட்டையைச் செருகிச் சமாளித்துவிடலாம். இசைக்கருவியில் அந்த 2 மி.மீ. காதுக்குத் தெரிந்துவிடும்.

முதல் மூன்று வாரங்கள் இழைப்புளியோடு கழிந்தன. மேற்பலகைக்கான மஹோகனியை ஏறக்குறைய 2 மி.மீ. கனத்துக்கு இழைக்க வேண்டும். நார் ஓடும் திசையைக் கவனிக்காமல் எதிராகத் தள்ளியபோது, இழைப்புளி மரத்தைச் சீவாமல் பிய்த்தெடுத்தது. அலகைத் தீட்டிக்கொண்டு நாரின் போக்கிலேயே தள்ளிய பிறகுதான் சீவல் சுருள் சுருளாக எழுந்தது.

அடுத்தது பக்கவாட்டுப் பட்டைகளை வளைப்பது. நனைத்த பட்டையைச் சூடான இரும்புக் குழாயின் மேல் அழுத்தினால், மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகி, ஆறியதும் மீண்டும் இறுகி, வளைவைப் பிடித்துக்கொள்கிறது. அது இளகும்வரை கை பொறுமையாக இருக்க வேண்டும். என் கை இருக்கவில்லை. முதல் பட்டை இடுப்பு வளைவில் முறிந்தது. இரண்டாவது பட்டையை, அதுவாக விட்டுக்கொடுக்கும்வரை மெல்ல அழுத்தி வளைத்தேன். பிறகு உள்விளிம்புப் பட்டிகளைத் துணி மாட்டும் கிளிப்புகளால் கவ்வி ஒட்டியது ஒரே நாளில் முடிந்தது.

ஒன்பதாம் வாரம், தந்திகளை விரலால் அழுத்தும் விரற்பலகையில், குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளான மெட்டுக்களுக்கு இடங்களைக் குறித்தேன். தந்தியின் அதிரும் நீளம் 350 மி.மீ.; அதை 17.817ஆல் வகுத்தால் தலைப்பக்கத்திலிருந்து முதல் மெட்டின் தூரமான 19.64 மி.மீ. கிடைக்கும், எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி. நான் ஒவ்வொரு இடைவெளியையும் முழு மில்லிமீட்டராக்கி, 20, 19, 18 என்று முந்தைய கோட்டிலிருந்தே அளந்துகொண்டு போனேன். எந்த இடைவெளியிலும் அரை மி.மீ.க்கு மேல் பிழையில்லை. ஆனால் நீளத்தின் சரிபாதியான 175இல் விழ வேண்டிய பன்னிரண்டாம் மெட்டு 177இல் விழுந்திருந்தது. சுருதி அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். வீணையில் மெட்டுக்கள் மெழுகின் மேல் அமர்வதால் நகர்த்திச் சரிசெய்யலாம். இங்கே ரம்பத்தால் அறுத்த பள்ளத்தில் மெட்டைச் சுத்தியால் அடித்து இறக்குகிறோம். நானோ அதற்குள் ஏழு பள்ளங்களை அறுத்து முடித்திருந்தேன். ஆசிரியர் கோபிக்கவில்லை, புதிய பலகையைக் கையில் கொடுத்து, எல்லா மெட்டுக்களையும் தலைப்பக்கத்திலிருந்தே, பூச்சியத்தை நகர்த்தாமல் அளக்கச் சொன்னார். பழைய பலகை மெட்டு அடித்துப் பழகுவதற்குப் பயன்பட்டது.

பதினான்காம் வாரம் நைலான் தந்திகளைக் கட்டினேன். புதிய நைலான் இழுபட்டுக்கொண்டே இருப்பதால், முதல் இரண்டு நாள்கள் சுருதி சேர்ப்பதிலேயே போயின. இப்போது பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டும் சுரமும், அங்கே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும் ஒத்துப்போகின்றன. முதல் மெட்டில் மட்டும் சுருதி சற்று ஏறுகிறது. தலைப்பக்கக் கட்டையில் தந்தி அமரும் பள்ளங்கள் ஆழம் போதாமல், அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபடுவதே காரணம். அடுத்த வகுப்பில் அவற்றை மெல்லிய அரத்தால் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். வார்னிஷ் அதற்குப் பிறகுதான்.