கணக்குக் கேட்ட குரல்கள்

ஜனவரி 13, 2026, செவ்வாய்

அமெரிக்க சோல் இசைப் பாடகர் டோனி ஹாத்தவே இறந்து இன்றோடு 47 ஆண்டுகள். 1979இல் நியூயார்க்கின் எசெக்ஸ் ஹவுஸ் ஓட்டலின் 15ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று பதிவானது. வயது 33. அன்றுதான் பாடகி ரொபர்ட்டா ஃப்ளாக்குடன் பாடும் ஆல்பத்துக்காக ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போயிருந்தார். வெள்ளையர்கள் தன் மூளையை ஓர் இயந்திரத்தோடு இணைத்துத் தன் இசையைத் திருடுகிறார்கள் என்று அவர் அங்கே பேசத் தொடங்கியதால் வேலையைப் பாதியில் நிறுத்தினார்கள் என்று உடனிருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

நோய் நோய்தான். பல ஆண்டுகள் மனச்சிதைவோடு மருத்துவமனைக்கும் மேடைக்கும் இடையே அலைந்த மனிதர் அவர். அந்தச் சாவை இசைத்தொழிலின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பிரமை எடுத்துக்கொண்ட வடிவம் என்னை உலுக்குகிறது. நோயின் பிடியில் அவர் சொன்னதை, அவர் காலத்துக் கறுப்பினக் கலைஞர்கள் பலர் தெளிந்த புத்தியோடு, கையில் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள்: என் இசையை எடுத்துக்கொண்டீர்கள், கணக்கு எங்கே? அவர்களையும் ‘தலை சரியில்லாதவர்’, ‘பிரச்சினைக்காரர்’ என்றே ஒதுக்கினார்கள். இனிச் சில வாரங்கள் அவர்களைத்தான் கேட்கப் போகிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தனிப்பாடலாக வெளிவந்தது 1971இல் இதே நாளில். அவருடைய இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் நிறுவனர் பெர்ரி கோர்டிக்கு அது பிடிக்கவில்லை. வியட்நாம் போரும் போலீஸ் அடியும் காதல் பாட்டு விற்கும் கடைக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. இதை வெளியிடாவிட்டால் வேறு எதையும் பாட மாட்டேன் என்று மார்வின் கே உட்கார்ந்துவிட்டார். பாடல் வெளிவந்து விற்றுத் தீர்ந்த பிறகு, முழு ஆல்பமாகக் கொடு என்று கேட்டதும் அதே நிறுவனம்தான்.

கலைஞனின் பிடிவாதம் வென்ற கதையாக இதை எல்லோரும் சொல்கிறார்கள். வென்றார்தான். ஆனால் மறுக்கும்போது அவர் கையில் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். பெரும் வெற்றிப் பாடல்கள் இருந்தன. முதலாளியின் அக்காவைத் திருமணம் செய்திருந்தார். மறுப்பதற்கும் ஒரு முதல் தேவைப்படுகிறது. அது இல்லாதவர்கள் மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே மோட்டவுனில் ஒரு கதை உண்டு. அதை அடுத்த மாதம் எழுதுகிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பாடகியும் பியானோக் கலைஞருமான நீனா சிமோன் 1976இல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஜாஸ் விழாவில் பாடிய பதிவை மீண்டும் பார்த்தேன். பக்கத்தில் அண்ணன் மகள். அரங்குக்கு வந்ததும் நீனா குனிந்து வணங்குகிறார். நிமிர அவ்வளவு நேரமாகிறது. பிறகு அசையாமல் நின்று கூட்டத்தையே பார்க்கிறார். கைதட்டல் ஓய்ந்தும் பார்வை மாறவில்லை.

“சித்தப்பா, இந்த அம்மா ஏன் பாடாமல் நிற்கிறார்?”

“கொஞ்சம் பொறு. இன்னும் இருக்கிறது.”

இருந்தது. ஒரு பாட்டின் நடுவே கூட்டத்தில் யாரோ எழுந்து நடக்க, பியானோவை நிறுத்தி, உட்கார் என்கிறார். மறுபடியும் உட்கார் என்கிறார். அண்ணன் மகள் பயந்துவிட்டாள். இந்தக் காட்சியைத் துண்டாக வெட்டிப் போட்டு, அவருடைய ‘கிறுக்கு’க்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நீனாவின் 12 வயதில் நடந்த ஒரு கச்சேரியை அவளுக்குச் சொன்னேன். வட கரோலினாவின் டிரையான் ஊரில், வெள்ளையர்களுக்கு இடம் விடுவதற்காக அவருடைய பெற்றோரை முன் வரிசையிலிருந்து பின்னுக்கு அனுப்பினார்கள். அவர்கள் முன்னால் வந்து உட்காரும்வரை வாசிக்க மாட்டேன் என்று சிறுமி மறுத்துவிட்டாள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அன்றைக்கே தீர்மானித்தவர் அவர். மோந்த்ரோவில் நான் பார்ப்பது அந்தச் சிறுமியைத்தான்.

அவருக்கு இருதுருவ மனநோய் இருந்தது என்று 1980களில்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளெல்லாம் சிகிச்சையின்றிப் போயின. கணவரே மேலாளர். முன்பு போலீஸ் துப்பறிவாளராக இருந்தவர். ஊர் ஊராக நிகழ்ச்சிகள், வீட்டில் அடி. வேலை நிற்கவில்லை. யார் நிறுத்தியிருப்பார்கள்? அவர் ஓய்வெடுத்தால் நட்டப்படுகிறவர்களின் கையில்தானே நாள்காட்டி இருந்தது!

பிப்ரவரி 21, சனி

நீனாவின் பிறந்தநாள். 1933.

‘மிசிசிப்பி காடாம்’ பாட்டை, 1964 கார்னகி ஹால் பதிவில், காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மெட்டு பிராட்வே நாடகப் பாட்டைப் போலத் துள்ளுகிறது. வசைச்சொல் கலந்த பாட்டின் பெயரைச் சொன்னதும் அரங்கம் சிரிக்கிறது. இடையில் ஒரு வேடிக்கைப் பேச்சு, அதற்கும் சிரிப்பு. அதன் பிறகு சிரிப்பு வரவே இல்லை. கறுப்பின உரிமைப் போராளி மெட்வர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டது 1963 ஜூனில். அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தது அதே ஆண்டு செப்டம்பரில். அதைக் கேட்ட சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் எழுதிய பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். துள்ளல் மெட்டுக்குள் இத்தனை கோபத்தை வைக்கிற தைரியம் எனக்குப் புல்லரிப்பைத் தருகிறது.

விலையும் கொடுத்தார். தெற்கு மாநில வானொலிகள் பாட்டைத் தடுத்தன. பெட்டியில் வந்த இசைத்தட்டுகளை இரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பினார் ஒரு விற்பனையாளர். போராட்டப் பாடல்களால் தன் தொழில் அடிவாங்கியது என்று பின்னாளில் நீனாவே சொன்னார். வேலை முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் பெரிய மேடைகள் எச்சரிக்கையாகின. 1970களில் பார்படாஸ், லைபீரியா, ஐரோப்பா என்று நாடு நாடாகப் போனார். வரி பாக்கியும் துரத்தியது.

பணத்தைப் பற்றிய ஒரு கதை போதும். முதல் ஆல்பத்தின் உரிமையைப் பெத்லஹேம் நிறுவனத்துக்கு 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதிலிருந்த ஒரு பாட்டை 1987இல் ஷனேல் வாசனைத் திரவிய விளம்பரத்தில் போட, அது ஐரோப்பாவில் மறுபடி பெரும் வெற்றி பெற்றது. தன்னிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று அவர் எங்கு போனாலும் சொன்னார். கோபக்காரக் கிழவி புலம்புகிறாள் என்றுதான் எழுதினார்கள். தொகையைக் கூட்டிப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஃப்ளாரன்ஸ் பல்லார்ட் இறந்து இன்று 50 ஆண்டுகள்.

மோட்டவுனின் புகழ்பெற்ற பெண் பாடகர் குழுவான சுப்ரீம்ஸை டெட்ராய்ட்டில் தொடங்கியவரே இவர்தான். தரப்பட்ட பட்டியலிலிருந்து அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவரும் இவரே. வலுவான, தேவாலயத்தில் பழகிய குரல். முன்னணிக் குரலாக டயானா ராஸை நிறுவனம் முடிவு செய்தது. அமெரிக்கப் பட்டியலில் 10 பாடல்கள் முதலிடம் பிடித்தபோது ஃப்ளாரன்ஸ் அந்த மேடையில் ஓரத்தில் இருந்தார். 1967இல் குழுவின் பெயரே டயானா ராஸ் பெயரை முன்னால் வைத்து மாறியது. ஃப்ளாரன்ஸ் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. குடித்தார், நிகழ்ச்சிகளைத் தவறவிட்டார், அதுவும் உண்மை. பதின்வயதில் கத்தி முனையில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர். சிகிச்சை என்று எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. மேடைக்குத் திரும்பியதுதான் கண்ட மிச்சம். 1967 கோடையில் லாஸ் வேகஸில் அவருக்குப் பதில் வேறொருவர் நின்றார்.

மோட்டவுனில் இசைத்தட்டு வெளியீடும், பாடல் உரிமையும், கலைஞர்களுக்கான மேலாண்மையும் ஒரே கைக்குள் இருந்தன. உங்கள் மேலாளர் உங்களுக்காக யாரிடம் சண்டை போட வேண்டுமோ, அவரேதான் உங்கள் மேலாளரின் முதலாளி! பணம் நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த கணக்குகளில் போய்ச் சேரும். பாடகிக்குச் செலவுப் பணம் வரும். ஒலிப்பதிவுச் செலவு ராயல்டியில் கழிக்கப்படும். எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்பது நன்றிகெட்டதனமாகப் பார்க்கப்படும்.

1968இல் விலகல் தொகையாக ஏறத்தாழ 1,40,000 டாலர் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: தன் புதிய தொழிலுக்கான விளம்பரத்தில் தான் சுப்ரீம்ஸில் இருந்தவர் என்று சொல்லக் கூடாது. இந்த ஒரு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவர் வைத்த பெயர் அது. புது நிறுவனத்துக்காகப் பாடிய ஆல்பம் வெளிவரவில்லை. பணம் கரைந்தது. 1971இல் மோட்டவுன் மீது 87 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தள்ளுபடியானது. வீடு போயிற்று. மூன்று பெண் குழந்தைகளோடு அரசு உதவித்தொகையில் வாழ்ந்தார். 1975இல் டெட்ராய்ட்டில் மீண்டும் மேடையேறினார். அடுத்த பிப்ரவரியில் இதயத் தமனி அடைப்பு. வயது 32.

குடி கெடுத்தது என்று ஒரே சொல்லில் முடிக்கிறவர்களோடு எனக்கு இனிப் பேச்சில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று டீனா மேரி பிறந்தநாள். மோட்டவுனில் பாடிய வெள்ளையினப் பெண். குரலைக் கேட்டவர்கள் கறுப்பினத்தவர் என்றே நினைத்தார்கள். 1979இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் அவர் படமே இல்லை.

1982இல் நிறுவனத்தோடு முறிவு. வேறு எங்கும் பாடக் கூடாது என்று தடை கேட்டு மோட்டவுன் நீதிமன்றம் போனது. அன்றைய கலிபோர்னியச் சட்டப்படி அப்படித் தடை கேட்க வேண்டுமானால், ஆண்டுக்குக் குறைந்தது 6,000 டாலர் தருவதாக ஒப்பந்தம் உறுதி சொல்லியிருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாமலேயே ஆளைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டீனா மேரி பக்கம் நின்றது. காசும் தராமல், பாடவும் விடாமல் ஒரு பாடகியை அலமாரியில் பூட்டி வைக்க முடியாது என்று ஆயிற்று. சோர்ந்திருந்த எனக்கு இந்தத் தீர்ப்பைப் படித்தது தெம்பாக இருக்கிறது. ஃப்ளாரன்ஸுக்கு இப்படி ஒரு தீர்ப்பு கிடைத்திருக்கலாகாதா?

மார்ச் 8, ஞாயிறு

பாடகியும் ராப் கலைஞருமான லாரின் ஹில்லின் ‘அன்பிளக்டு’ பதிவு, எம்டிவியின் எளிய கருவிகளோடு பாடும் நிகழ்ச்சி. 2001 ஜூலையில் நியூயார்க்கில் பதிவானது, அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1999இல் ஒரே இரவில் 5 கிராமி வாங்கியவர், தொப்பியோடு கிட்டாரை மடியில் வைத்துத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். குரல் கரகரக்கிறது. சில இடங்களில் உடைகிறது. அவர் திருத்தவில்லை. பாட்டுக்கு இடையே நீண்ட பேச்சு: தன்னைக் கொண்டு ஒரு பிம்பம் செய்தார்கள், அந்தப் பிம்பத்துக்குத் தான் பிணைக்கைதியானேன் என்ற பொருளில். மன அமைதியைத் தேடும் நீண்ட பாட்டில் அழுதே விடுகிறார். அழுதுகொண்டே பாடி முடிக்கிறார்.

வெளிவந்தபோது பல விமர்சகர்கள் இதை மனமுறிவின் பதிவு என்றார்கள். நான் இன்று முழுதும் கேட்டேன். சொல்வது ஒவ்வொன்றும் கோவையாக இருக்கிறது. ஆத்மார்த்தமாகப் பாடுகிறார் என்று சொல்லித்தானே முந்தைய ஆல்பத்தைக் கோடிக்கணக்கில் விற்றார்கள்?

அவர் பக்கமே எல்லா நியாயமும் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புகழ்பெற்ற ஆல்பத்தில் உடனுழைத்த இசைக்கலைஞர்கள் தங்கள் பங்குக்காக அவர் மீதே வழக்குப் போட்டு, 2001இல் சமரசமானது. அவர்களும் கணக்குக் கேட்டவர்கள்தான். வரி கட்டாததற்காக 2013இல் மூன்று மாதம் சிறையில் இருந்தார். டிக்கெட் வாங்கி மணிக்கணக்கில் காத்துக் கிடந்த ரசிகர்களின் கோபமும் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுவந்து 2001இன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் 26 வயதுப் பெண்ணின் மேல் கொட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அவர் அன்று யாரையும் காக்க வைக்கவில்லை. கேட்கச் சொன்னார்.