பூட்டின வீட்டுப் பீலி

கொழும்பு வெள்ளவத்தையில பூட்டிக் கிடக்கிற வீடுகளின்ட சொந்தக்காரருக்கு டெங்கு நுளம்பைப் பற்றி ஒரு விசயம். நீங்கள் கனடாவில இருந்தாலும் சட்டம் உங்களைத்தான் பிடிக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில, வளவைத் துப்பரவா வைச்சிருக்கிற பொறுப்பு உரிமையாளருக்கும் இருக்கு, குடியிருக்கிறவருக்கும் இருக்கு. "அங்க ஒருத்தரும் இல்லையே" எண்டு சொல்லித் தப்ப ஏலாது.

பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா எங்கட ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டுவரைக்கும் டோர்ச் அடிச்சுப் பார்ப்பார். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனா பக்கத்து வளவில இலை அடைச்ச கூரைப் பீலி, மழைத்தண்ணி நிறைஞ்ச டயர், மாபிளுக்கு வைச்ச சீமெந்து வாளி. மதிலால எட்டிப் பார்த்தா புழு துள்ளுறது தெரியுது. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணி வத்தினாலும் முட்டை மாதக்கணக்கில உயிரோட கிடக்கும். அதால ஊத்திவிட்டா மட்டும் காணாது, தேய்ச்சுக் கழுவோணும்.

2017இல 1,80,000 பேருக்கு மேல டெங்கு வந்த நாடு இது. அதுக்குப் பிறகும் இந்த அசட்டை!

திறப்பு வைச்சிருக்கிற மச்சான்மாரே, ஞாயிறு ஒருக்கா வந்து பீலியைத் துப்பரவாக்குங்கோ. ஏணி எங்கட வீட்டில இருக்கு.