யார் சொன்னது, எப்போது சொன்னது

மார்ச் 2
குடும்ப வரலாற்றுக்காக நான் எழுதிவரும் குறிப்புகளில், பாட்டி பிறந்த வருஷம் ஒன்றில் 1931, இன்னொன்றில் 1934. இரண்டையும் தட்டியது நான்தான். அப்பா சொன்னதா, பெரியம்மா சொன்னதா, ஏதாவது காகிதத்தில் பார்த்ததா? எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

மார்ச் 3
கிடைத்ததையெல்லாம் ஆளுக்கு ஒரு குறிப்பில் கொட்டி வைத்ததுதான் தப்பு. இனி ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் தனி ஆதாரக் குறிப்பு. ஆளைப் பற்றிய குறிப்பில் எந்த வரி எழுதினாலும் அதன் பக்கத்திலேயே ஆதாரத்துக்கு இணைப்பு. நான் குறிப்பெழுதும் அப்சிடியன் ஆப்பில் இரண்டு சதுர அடைப்புக்குறி போட்டுப் பெயரைத் தட்டினால் இணைப்பு தயார். எல்லாமே மார்க்டவுன் கோப்புகள், வெறும் எழுத்து; நாளைக்கு இந்த ஆப் இல்லாமல் போனாலும் படிக்கலாம். வம்ச மரம் வேறு மென்பொருளில், ஜெட்காம் கோப்பாக (வம்ச மரத் தகவலுக்கான பொதுக் கோப்பு வகை) இருக்கிறது. குழப்பங்களுக்கு இடம் இங்கேதான்.

மார்ச் 9
கொள்ளுத்தாத்தாவுக்கும் மாமாவுக்கும் ஒரே பெயர். அதனால் முன்னோர்களுக்கு எண் வைக்கும் சோசா-ஸ்ட்ராடோனிட்ஸ் முறையில் எண் கொடுத்தேன். நான் 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. என் அம்மா 3, அம்மாவின் அம்மாவான பாட்டி 7, அவருடைய அம்மா 15. வரிசை கலையாமல் இருக்க 007, 015 என்று பூஜ்யம் சேர்த்துக்கொண்டேன். உடன்பிறந்தவர்களுக்கு இந்த முறையில் எண் கிடையாது. பெரியம்மாவை விட்டுவிட மனசு வருமா? 003அ என்று வைத்தேன். மாமா 003ஆ.

மார்ச் 15
பாட்டியின் சின்ன வயசுப் படத்தை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்தேன். பின்னால் பென்சிலில் 'வயது 5', கீழே ஒரு வருஷம். 193 வரை தெளிவு. கடைசி எண்ணில் விரல் பட்டு மை மாதிரி இழுவிக் கிடக்கிறது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் 6, நேராகப் பார்த்தால் 9.

1936 என்றால் பிறந்தது 1931. 1939 என்றால் 1934!

இரண்டு பேர் சொன்ன இரண்டு வருஷம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டும் இந்த ஒரே எண்ணிலிருந்து வந்திருக்கின்றன. ஆப்பின் தேடலுக்குப் பென்சில் எழுத்து அகப்படவில்லை. 'வயது 5, 1936 அல்லது 1939' என்று நானே தட்டி, படத்தின் கீழே சேர்த்தேன்.

மார்ச் 17
பெரியம்மாவுக்குப் போன். ரெக்கார்டு பண்ணட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். "அந்தப் படம் எடுத்தப்போ எங்க மாமா பொறந்து பத்து நாள்தான்னு அம்மா சொல்லுவாங்க" என்றார். மாமா என்றால் பாட்டியின் தம்பி. '003அ சொன்னது, 007 சொல்லக் கேட்டது' என்று குறித்துக்கொண்டேன். பெரியம்மா நேரில் பார்த்ததில்லையே.

அப்புறம், ரெக்கார்டை நிறுத்திய பிறகு, பேச்சுவாக்கில் 015-இன் பெயரைச் சொன்னார். அதுவரை அந்தக் குறிப்பில் எண் மட்டும்தான் இருந்தது. போனை வைப்பதற்கு முன்பே தட்டிவிட்டேன்.

பாட்டியின் குறிப்பில் இரண்டு வருஷமும் அப்படியே இருக்கின்றன. அடுத்து தேட வேண்டியது: தம்பியின் பிறப்புப் பதிவு.