சர்வரில் என்ன ஓடுகிறது சார்?

போன வாரம் பெங்களூரு மடிவாளா சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு சர்வே போன் வந்தது. உங்கள் கம்பெனி சர்வர்களில் முக்கியமாக எந்த ஓஎஸ் ஓடுகிறது சார், ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். ஓஎஸ் என்றால் மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள். சும்மா கிடைக்கும் லினக்ஸ் வகையான உபுண்டுவைச் சொல்லி வைத்துவிட்டேன். ஆபீஸ் போனால், இதே ஆட்கள் முந்தின நாளே எங்கள் மேனேஜரையும் பிடித்திருக்கிறார்கள், அவர் ரெட் ஹேட், அதாவது சந்தா கட்டி வாங்கும் லினக்ஸ், என்றிருக்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை, வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போடுவது அந்தச் சந்தா பில்லில்தானே.

சரி, எண்ணியே பார்த்துவிடலாம் என்று நானும் டீமில் இருக்கும் சேலத்துத் தம்பியும் உட்கார்ந்தோம். மொத்தம் 61 மெஷின். உபுண்டு 26, சந்தா கட்டிய ரெட் ஹேட் 8, விண்டோஸ் 5, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் 2, அப்புறம் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் இன்னும் 19 மெஷினில். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தாகிவிட்டது. விற்பனையையும் வருமானத்தையும் வைத்துச் சந்தையை அளப்பவர்கள் கண்ணில் அந்த எட்டும் ஐந்தும் படும், மீதி எல்லாம் சும்மா இறக்கிப் போட்டது, பில்லே கிடையாது.

எண்ணுவதும் லேசாக இல்லை. ஒரு கன்டெய்னருக்குள் (மெஷினுக்குள்ளேயே ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) போய், ஓஎஸ் பெயரைச் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்த தம்பி, "அண்ணா, இது ஆல்பைன் லினக்ஸ்ணா, தனியா ஒரு வரி போட்டுக்கவா?" என்றான். கெர்னலைக் காட்டும் யூநேம் கட்டளையை அடிடா என்றேன். கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப்பகுதி, 3.10, வாலில் சென்ட்ஓஎஸ் 7-லும் வரும் இஎல்7 என்ற அடையாளம். கன்டெய்னருக்கென்று தனிக் கெர்னல் கிடையாதே, அடியில் இருப்பது அதே பழைய சென்ட்ஓஎஸ்தான். சர்வேயில் கேட்டால் இதை யார் எப்படிச் சொல்வார்கள்?

ஆளைக் கேட்காமல் வெளியிலிருந்தே மோப்பம் பிடிக்கிற வழியும் உண்டு. 1995-லிருந்து நெட்கிராஃப்ட் என்ற நிறுவனம் வெப் சர்வர்களை எண்ணி வருகிறது. 2006-ல் என்ன ஆனது தெரியுமா, டொமைன் விற்கிற கோடாடி, ஒரு வரி உள்ளடக்கம்கூட இல்லாமல் பெயருக்கு நிறுத்தி வைத்திருந்த லட்சக்கணக்கான தளங்களை லினக்ஸிலிருந்து விண்டோஸ் சர்வர் 2003-க்கு மாற்றியது. அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளின் பங்கு சரிந்தது, மைக்ரோசாஃப்டின் பங்கு ஏறியது. ஒரே ஒரு கம்பெனி எடுத்த முடிவு, உலகமே மாறிய மாதிரி கிராஃபில் தெரிந்தது. அதனால்தான் தளங்களின் மொத்த எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை, உயிரோடு இருக்கிற தளங்களையும் கம்ப்யூட்டர்களையும் அவர்கள் தனியாக எண்ணுகிறார்கள், அது பரவாயில்லை. இப்போது அதிலும் ஒரு சிக்கல், எங்கள் தளத்தைத் தட்டினால் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவைதான் கதவைத் திறக்கும், பின்னால் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தம்பிக்கும்தான் தெரியும்.

டெபியன் பாவம், நேர்மையாகவே கேட்கிறது. நிறுவும்போது, என்னென்ன பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கை அனுப்பலாமா என்று ஒரு திரை வரும், முன்கூட்டியே 'இல்லை' என்றுதான் இருக்கும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஆமாம் போட்டதில்லை, என்டரைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். சர்வர் வைத்திருக்கும் பெரும்பாலானோர் என்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். லினக்ஸ் வகைகளைப் பட்டியலிடும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையோ அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு, அதைக் காட்டி ஆபீஸில் சண்டை போடுபவர்களை என்ன சொல்ல. சூப்பர் கம்ப்யூட்டர்களின் டாப்500 பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து ஐநூறும் லினக்ஸ். அதை நம்பலாம், பெயர் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணியது. ஆனால் அதை வைத்து எங்கள் சர்வர் ரூமைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

கூட்டிப் பார்த்தவர்களுக்கு 60 தான் வந்திருக்கும். அந்த அறுபத்தியொன்றாவது பழைய கேபின் மேஜைக்கு அடியில் கிடக்கிறது, பாஸ்வேர்ட் தெரிந்தவர் 2019-லேயே வேலையை விட்டுப் போய்விட்டார். உயிரோடு இருக்கிறதா என்று பிங் அடித்தால், பதிலில் டிடிஎல் என்ற எண் 64 என்று வருகிறது, விண்டோஸ் வழக்கமாக வேறு எண்ணில் தொடங்கும், அதனால் விண்டோஸாக இருக்காது, லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ்ஸோ. எந்தக் கட்டத்தில் போடுவது என்று தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.