சமையல் மேடைக்கு வெளிச்சம் வந்துவிட்டது

எங்கள் சமையலறையின் பழைய குழல்விளக்கைக் கழற்றிவிட்டு, 20 வாட் எல்.இ.டி. விளக்கை இன்று நானே மாட்டினேன். பழையது சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 50 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் என்னை உறுத்தியது மின்கட்டணம் அல்ல, நிழல். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்ததால், காய் நறுக்கும்போது அம்மாவின் நிழலே பலகையில் விழும். இத்தனை ஆண்டுகள் அதை யாரும் ஒரு குறையாகக்கூட எண்ணவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அதனால் மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில் ஒரு பட்டை விளக்கும் ஒட்டினேன். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 6500 கெல்வின் நீலம் பாய்ந்து தெரியும். 4000 கெல்வின் வாங்குங்கள். குழம்பு குழம்பின் நிறத்திலேயே இருக்கும்.

நீங்களே செய்வதானால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்விட்சை அணைத்தால் போதாது. சில பழைய வீடுகளில் ஸ்விட்சை, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் கொடுக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் கொடுத்திருப்பார்கள். அணைத்த பிறகும் விளக்கின் முனையில் 230 வோல்ட் காத்திருக்கும். மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள், இல்லையென்றால் மெயின் போன நொடியே அது அந்த விளக்குக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிவிடும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். கம்பியின் உறை வெடித்திருந்தால் எலக்ட்ரீசியனை அழைத்துவிடுங்கள்.

கழற்றிய குழல்விளக்கில் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போட வேண்டாம்.