வணிகர்கள் வந்த வழியில் புகாரா

உஸ்பெகிஸ்தானின் பழைய வணிக நகரமான புகாராவைப் பார்க்க, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்நாட்டு விசா பெறுவது, 2018ஆம் ஆண்டு மின்விசா முறை வந்த பிறகு, பெரிய வேலையாக இல்லை. அந்நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, புகைப்படத்தையும் கடவுச்சீட்டின் முகப்புப் பக்கத்தையும் ஏற்றி, ஒருமுறை நுழைவதற்கான 20 டாலர் கட்டணத்தை வங்கி அட்டையில் செலுத்தினேன். சில வேலை நாட்களில் விசா மின்னஞ்சலில் வந்துவிட்டது. மருந்து கொண்டுபோகிறவர்கள் மட்டும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். கோடீன், டிரமடால் போன்ற வலிநிவாரணிகள் கலந்த மருந்துகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு என்பதால், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லாமல் அவற்றை எடுத்துச் செல்வது வீண் தொல்லை. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

உண்மையில் திட்டமிட வேண்டியது ரயில் பயணச்சீட்டைத்தான். தாஷ்கண்டிலிருந்து சமர்கண்ட் வழியாகப் புகாரா செல்லும் அஃப்ராசியாப் என்ற அதிவேக ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சுற்றுலாப் பயணிகள் குவிவதால் அதன் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. ஆகவே ரயிலை முதலில் உறுதிசெய்து, அதற்கேற்ப விடுதியைப் பதிவு செய்வதே சரியான வரிசை. நான் அப்படித்தான் செய்தேன். நிலையத்திற்குள் நுழையும் முன்பே கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் பார்ப்பதோடு பைகளையும் சோதிக்கிறார்கள் என்பதால், கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏறும் நம் பழக்கம் அங்கே உதவாது.

புகாரா ரயில் நிலையம் புகாராவில் இல்லை; பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ககான் என்ற ஊரில் இருக்கிறது. 1880களில் ரஷ்யர்கள் இருப்புப்பாதை அமைத்தபோது, அந்தப் புகைவண்டி தம் நகரத்தை நெருங்குவதைப் புகாராவை ஆண்ட அமீர் விரும்பாததால் நிலையம் தூரத்தில் அமைந்தது என்று சொல்கிறார்கள். அதன் பலனை இன்று வாடகைக் கார் ஓட்டுநர்கள் அனுபவிக்கிறார்கள். நிலைய வாசலில் சொல்லப்படும் கட்டணம், வாடகைக் கார் அழைக்க உதவும் யாண்டெக்ஸ் செயலி காட்டும் கட்டணத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கக்கூடும். தாஷ்கண்டிலேயே உள்ளூர் சிம் அட்டை வாங்கிக்கொண்டிருந்ததால் எனக்குப் பேரம் பேசும் வேலை மிச்சமாயிற்று. விடுதியில் கடவுச்சீட்டை வாங்கி, வெளிநாட்டவர் பதிவை அவர்களே செய்துவிடுகிறார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்குவோர் அந்தப் பதிவைத் தனியாகச் செய்தாக வேண்டும்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் அமீர்கள் வாழ்ந்த ஆர்க் கோட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் லாபி ஹவுஸ் குளத்திலிருந்து தொடங்கி, வடமேற்காகக் கடைத்தெருக்கள் வழியே நடந்து, கடைசியில் கோட்டைக்குப் போனேன். வணிகத்தால் உயிர்வாழ்ந்த ஒரு நகரத்தை அதன் சந்தை வழியே அணுகுவதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அதையே பரிந்துரைப்பேன்.

லாபி ஹவுஸ் 1620 வாக்கில் வெட்டப்பட்டது. நம் ஊர்த் தெப்பக்குளம்போல நாற்புறமும் கற்படிகள் இறங்க, கரையில் முதிய முசுக்கட்டை மரங்கள் நிற்கின்றன. இப்படிப்பட்ட குளங்கள் ஒருகாலத்தில் நகரெங்கும் ஏராளமாக இருந்தன. குடிநீரும் அவற்றிலிருந்தே வந்தது, அந்நீர் வழியே நரம்புச் சிலந்தி நோயும் பரவியது. சோவியத் ஆட்சிக்காலத்தில் நோயை ஒழிப்பதற்காகப் பெரும்பாலான குளங்களை வற்றச்செய்து மூடினார்கள். நோய் போயிற்று, குளங்களின் தவளைகளை நம்பியிருந்த நாரைகளும் போயின. பழைய கோபுரங்களின் உச்சியில் அவற்றின் கூடுகளை மட்டும் காண முடிகிறது.

குளத்திலிருந்து சிறிது தூரத்தில் தோகி சர்ராஃபோன் வருகிறது. தெருக்கள் சந்திக்கும் இடத்தின் மேல் செங்கல் குவிமாடங்களை எழுப்பி, அடியில் கடைகளை அமைத்த வணிகக் கூரைகளுள் இது ஒன்று. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை சிலவே. இது பணம் மாற்றுவோருக்கு உரியதாக இருந்தது, அடுத்தது தொப்பிக் கடைகளுக்கும், அதற்கும் அடுத்தது பொற்கொல்லர்களுக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே வெப்பம் சட்டென்று குறைவதை உடல் உணர்கிறது. பணம் மாற்றுவதிலும் வட்டிக்குக் கொடுப்பதிலும் முல்தான் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) பகுதியிலிருந்து வந்த இந்திய வணிகர்கள் முன்னணியில் இருந்தார்கள். 1558இல் இங்கு வந்த ஆங்கிலேயர் ஆண்டனி ஜென்கின்சன், இந்தியர்கள் தலைப்பாகைக்கான மெல்லிய வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்ததை எழுதியிருக்கிறார். 1832இல் வந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸோ, இந்துக்கள் தனி அடையாளமாகச் சதுரத் தொப்பியும் இடுப்பில் கயிறும் அணிய வேண்டியிருந்ததையும், கோயில் கட்ட அவர்களுக்கு அனுமதி இல்லாததையும் குறித்திருக்கிறார். அவர்களது பணமும் கடனும் வேண்டியிருந்த நகரம் அவர்களைச் சமமாக நடத்தவில்லை என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் சொல்வதில்லை; அங்கே நான் அதிக நேரம் நின்றதற்கு அதுவே காரணம்.

அருகிலுள்ள மாகோகி அத்தோரி மசூதி இன்றைய தெருமட்டத்திற்குப் பல அடி கீழே கிடக்கிறது, ஏனெனில் நகரம் தன் இடிபாடுகளின் மேலேயே மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. இஸ்லாத்திற்கு முன்பு இவ்விடத்தில் சிலைகள் விற்கும் சந்தை கூடியது என்று 10ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் நர்ஷாகி எழுதுகிறார்.

பொற்கொல்லர் கூரையைத் தாண்டி மேற்கே திரும்பினால் கல்யான் கோபுரம் எதிர்ப்படுகிறது. 1127இல் மன்னர் அர்ஸ்லான் கான் கட்டிய, ஏறக்குறைய 46 மீட்டர் உயரமுள்ள இந்தச் செங்கல் கோபுரம், 1220இல் செங்கிஸ் கான் நகரை அழித்தபோதும் தப்பி நின்றது. எதிரேயுள்ள மீரி அரப் மதரஸாவில் இன்றும் மாணவர்கள் படிப்பதால் பயணிகளை வாயிலோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆர்க் கோட்டை எனக்கு ஏமாற்றமே. 1920இல் செம்படையின் தாக்குதலில் உட்புறத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அங்கே செலவிடும் நேரத்தை, மேற்கே பூங்காவிற்குள் இருக்கும் 10ஆம் நூற்றாண்டு சாமானிட் அரச மரபினரின் கல்லறைக்குக் கொடுக்கலாம். வண்ண ஓடு ஒன்றுகூட இல்லாமல், செங்கற்களை அடுக்கும் விதத்தாலேயே கூடைப்பின்னல் வேலைப்பாட்டைக் கொண்டுவந்திருக்கும் அந்தச் சிறு கட்டடம், காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் தெரிவதால் இருவேளையும் பார்க்கத்தக்கது.

சைவ உணவுக்காரர்கள் தேநீர்க்கடைகளில் ரொட்டி, தக்காளி வெங்காயக் கலவை, பூசணி வைத்த சம்சா ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். புலாவில் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டாலும் ஆட்டுக்கொழுப்பு கலந்தே இருக்கும். 2017க்குப் பிறகு வங்கியிலும் தெருவிலும் நாணய மாற்று விகிதம் ஒன்றாகிவிட்டதால், தெருவில் டாலர் மாற்றுவதில் பயனில்லை, வங்கியே போதும்.

கம்பளம் வாங்குவோர் கடைக்காரரிடம் ரசீது கேட்டுப் பெற வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள்களைக் கலாசாரத் துறையின் சான்று இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது என்பதால், சுங்கத்தில் ‘இது புதியது’ என்று காட்ட அந்த ரசீதே துணை. புகாராக் கொல்லர்கள் அடித்துத் தரும் நாரை வடிவக் கத்தரிக்கோலுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் அதைக் கைப்பையில் வைக்காமல் விமானச் சரக்கில் போகும் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.