அரசபாட்டையில் பாட்டையைக் காணோம்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் முதல் சீசனை மறுபடியும் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் எபிசோடைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறது. கோபுரத்து ஜன்னலிலிருந்து சிறுவனைத் தள்ளிவிடும் அந்தக் கடைசிக் காட்சி யாரையும் பிடித்து உட்காரவைத்துவிடும். எனக்குப் பேச வேண்டியது இரண்டாவது எபிசோட். பெயர் 'தி கிங்ஸ்ரோடு', நம் வாயில் சொன்னால் அரசபாட்டை. 2011 ஏப்ரல் 24 அன்று ஹெச்பிஓவில் வந்தது, டிம் வான் பேட்டன் இயக்கியது. இதன் மேல் எனக்குப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு, இரண்டுமே இத்தனை வருஷமாகக் குறையவில்லை.

முதலில் கோபம். பாட்டை என்று பெயர் வைத்துவிட்டுப் பாட்டையையே காட்டவில்லை. ராஜா ராபர்ட், நெட் ஸ்டார்க்கைத் தன் அமைச்சராக்கித் தெற்கே தலைநகருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார், நெட்டின் மகள்கள் சான்சாவும் ஆர்யாவும் கூடவே போகிறார்கள். நெட்டின் இன்னொரு மகனாக வளர்ந்த ஜான் ஸ்னோ அதே பாட்டையில் வடக்கே பெருஞ்சுவருக்குப் போகிறான். நாளும் வாரமுமாக நீளுகிற பயணம். திரையில் வருவது நாலு வண்டி, பத்துக் குதிரை, கொஞ்சம் மரம், அப்புறம் அடுத்த கூடாரம். எவ்வளவு தூரம் வந்தார்கள், எத்தனை ஊர் கடந்தார்கள், யார் காலில் புண், எந்த வண்டி அச்சு முறிந்தது, ஒன்றும் தெரியாது.

நான் வளர்ந்த ஊரில் ராணி மங்கம்மாள் சாலை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மதுரையில் 1689இலிருந்து பேரனுக்காக ஆட்சி நடத்திய அந்த அம்மாள் போட்ட சாலை, கட்டிய சத்திரங்கள் என்று இன்னும் பேசுகிறார்கள். சாலை என்றால் எங்களுக்கு நிழல், தண்ணீர், சுமை இறக்கிவைக்க ஒரு கல். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நான் இரண்டு தடவை நடந்திருக்கிறேன். செய்துங்கநல்லூர் தாண்டும்போது இருக்கிற பேச்சுச் சத்தம் ஆழ்வார்திருநகரி வரும்போது இருக்காது, குரும்பூர் பக்கம் காலை இழுத்து இழுத்து வைக்கிறபோது பக்கத்தில் நடக்கிற ஆளின் மூச்சு மட்டும்தான் கேட்கும். வழியில் நிற்கிற சுமைதாங்கிக் கல்லில் உட்காரப் போனால் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்காரச் சொல்வார்கள், பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போனவள் நினைவாக நட்டது அது. இப்படி ஒரு கல், ஒரு சத்திரக்காரன், ஒரு சுமைக்காரன் அந்த அரசபாட்டையில் இருந்திருந்தால் போதும், எபிசோட் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் பாட்டை தட்டுப்படுகிறது. ராபர்ட்டும் நெட்டும் வெட்டவெளியில் மேஜை போட்டுச் சாப்பிடுகிறார்கள். பழைய கதை, பழைய பெண்கள், சிரிப்பு. அதற்கு நடுவே ராபர்ட் ஒரு கடிதத்தை நீட்டுகிறார், ராபர்ட் கவிழ்த்த பழைய ராஜாவின் மகள் டெனேரிஸுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் கல்யாணமாகிவிட்ட செய்தி. அந்தப் பெண்ணைக் கொல்ல வேண்டும் என்று ராபர்ட்டின் முகம் மாறுகிறது, எதிரே நெட்டின் முகம் மெதுவாக இறுகுகிறது. மார்க் ஆடியும் ஷான் பீனும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நட்பு விரிசல் விடுவதைக் காட்டிவிடுகிறார்கள். பெரிய செட், பெரிய கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

நெட்டின் கோட்டையான வின்டர்ஃபெல்லில் நடப்பவை பாதி அருமை, பாதி அவசரம். ஜன்னலிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடக்கிற நெட்டின் மகன் ப்ரானின் படுக்கை பக்கம் ராணி செர்சி வந்து அவன் தாய் கேட்லினிடம் தனக்குச் செத்துப்போன முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாள், கருத்த முடி, காய்ச்சலில் போய்விட்டது என்று. தொடருக்கு மூலமான நாவலில் இது கிடையாது, தொடருக்காகச் சேர்த்தது. சேர்த்தவர்களுக்கு ஒரு கும்பிடு. இந்தப் பிள்ளை விழுந்ததற்குக் காரணமானவளே பிள்ளை இழந்த தாயாகவும் உட்கார்ந்திருக்கிறாள், நமக்கு அவளை வெறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அப்புறம் ப்ரானைக் கொல்லக் கொலைகாரன் வருகிறான். கேட்லின் அவன் கத்தியை வெறுங்கையால் பிடிக்கிறாள். விரலிடுக்கில் ரத்தம் வழிகிறது, விடவில்லை. மிஷேல் ஃபேர்லியின் முகத்தைவிட அந்தக் கைகள்தான் எனக்கு ஞாபகம்.

ஆனால் அடுத்தாற்போல் அவள் இடிந்த கோபுரத்துக்கு ஏறிப் போய்த் தரையில் ராணியுடையது மாதிரி ஒரு நீளமான பொன்னிற முடியைக் கண்டெடுக்கிறாள் பாருங்கள், அங்கே எனக்கு ஒட்டவில்லை. பிள்ளை விழுந்து எத்தனை நாள் ஆயிற்று? காற்றும் குளிரும் அடிக்கிற பாழ் கோபுரத்தில் ஒற்றை முடி அசையாமல் அவளுக்காகக் காத்துக் கிடந்ததா? கதை தெற்கே நகர வேண்டும், அதற்காக ஒரு துப்பை வைத்துவிட்டார்கள்.

டெனேரிஸ் பகுதி இந்த எபிசோடிலேயே பலவீனமானது. நாவலில் முதலிரவில் அவளுடைய சம்மதத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, தொடரில் அதை எடுத்துவிட்டு வன்முறையாக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு பணிப்பெண் சொல்லிக்கொடுத்ததும் அவள் கணவனை நேசிக்கத் தொடங்குகிறாள் என்றால் எப்படி நம்புவது? பட்ட காயத்துக்கு ஒரு வார்த்தைகூட ஒதுக்கவில்லை.

சரி, ஆற்றங்கரைக்கு வருகிறேன். ஆர்யாவும் கறிக்கடைக்காரர் மகன் மைக்காவும் குச்சியை வைத்து வாள்வீச்சு விளையாடுகிறார்கள். இளவரசன் ஜாஃப்ரி வந்து நிஜ வாளால் மைக்காவின் கன்னத்தைக் கீறுகிறான், ஆர்யா அவனை அடிக்கிறாள், அவளுடைய ஓநாய் நைமீரியா பாய்ந்து அவன் கையைக் கடிக்கிறது. அப்புறம் காட்டுக்குள்ளே, ஓநாயைக் கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்து, போ போ என்று ஆர்யா கல்லை எடுத்து எறிகிறாள். அது போகாமல் நின்று பார்க்கிறது. எனக்கு ஒன்பது வயதில் கிராமத்து வீட்டைக் காலி செய்து பாளையங்கோட்டை வாடகை வீட்டுக்கு வந்தோம், அங்கே நாய் கூடாது. சாமான் வண்டிக்குப் பின்னாலேயே மணி ஓடி வந்தது. அப்பா சொன்னார் என்று நானும் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். ஒன்று அதன் முதுகில் பட்டுச் சிதறியது. வாலை ஆட்டிக்கொண்டேதான் நின்றது. ஆர்யாவாக நடித்த மேய்ஸி வில்லியம்ஸ் கையை ஓங்குகிற விதம், எறிந்த பிறகு ஒரு கணம் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிற விதம், அது நிஜம்.

நைமீரியா தப்பிவிட்டதால் சான்சாவின் ஓநாய் லேடியைக் கொல்லச் சொல்கிறாள் செர்சி. ராஜா தடுக்காமல் எழுந்து போகிறார். வேறு யார் கையும் படக்கூடாது என்று நெட் தானே கத்தியை எடுக்கிறார். கட்டிப்போட்ட லேடியின் கழுத்தைத் தடவிக்கொடுக்கிறார், அடுத்த நொடி அங்கே வடக்கே ப்ரான் கண்ணைத் திறக்கிறான். இதைவிடச் சரியாக ஓர் எபிசோடை முடிக்க முடியாது. லேடியை அதற்கு முன்னால் இன்னும் இரண்டு இடத்தில் காட்டியிருக்கலாம், ஒரு காட்சியில் சான்சாவோடு நடப்பதை மட்டும்தான் பார்க்கிறோம். முதல் சீசனில் நார்தர்ன் இனூயிட் என்கிற நாய்களைத்தான் ஓநாயாக நடிக்கவைத்தார்கள், அதனால் பயம் வரவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை, வீட்டு நாயின் முகம் இருந்ததால்தான் அந்தச் சாவு இவ்வளவு வலிக்கிறது. லேடியாக நடித்த நாயைச் சான்சாவாக நடித்த சோஃபி டர்னர் குடும்பமே பின்னால் வளர்த்தது.

அந்த மைக்கா?

நெட் லேடியைக் கொல்லப் போகிற வழியில் குதிரை மேல் ஓர் உடல் குறுக்கே கிடக்கிறது. ஓடினான், ரொம்ப வேகமாக ஓடவில்லை என்கிறான் அவனைக் கொன்ற, ஜாஃப்ரியின் மெய்க்காவலன் ஹவுண்ட். அவ்வளவுதான், கேமரா நகர்ந்துவிடுகிறது. ஓநாய்க்கு இசை உண்டு, பையனுக்கு இல்லை. நாவலில் துண்டு துண்டாக வெட்டிய உடலைப் பையில் போட்டு அவன் அப்பாவிடம் கொடுத்தார்கள், ஏதோ பன்றியை அறுத்திருக்கிறார்கள் என்றே அவர் முதலில் நினைத்தார் என்று ஒரு வரி வருகிறது. படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வரியை இந்த எபிசோடில் விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் அநியாயமாகக் கொல்லப்பட்டவனுக்குப் பீடம் எழுப்பிக் கொடை கொடுப்பார்கள். பாபநாசம் மலையில் மாடு மீட்கப் போய் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட முத்துப்பட்டன் கதையை விடிய விடிய வில்லில் பாடுவார்கள், முடிவு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பட்டன் விழுகிற இடம் வந்தால் பந்தலில் பேச்சு நின்றுவிடும். பாடுகிறவர் அந்தச் சாவை அவசரப்பட்டுத் தாண்டமாட்டார். பாட்டையைத் தாண்டியது மாதிரியே இவர்கள் இந்தப் பையனையும் தாண்டிப் போய்விட்டார்கள்.

இந்தத் தடவை ஆச்சி விளக்கேற்றிவிட்டு வந்து, ஆற்றங்கரைக் காட்சியிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தாள். லேடி செத்தபோது உச்சுக்கொட்டினாள். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கேட்டாள்: "ஏட்டி, அந்தக் கறிக்கடைக்காரன் மவனைப் பெத்தவ எங்கட்டி? அழுததுக்குக்கூட ஒருத்தியக் காட்டலியே."

காட்டவில்லை ஆச்சி என்றேன். பின்னால் ஓட்டி ஆற்றங்கரைக் காட்சியை மறுபடி போட்டேன். அவன் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஆர்யாவோடு மோதுகிறான், அதிகம் போனால் ஒரு நிமிஷம். ஆச்சி இன்னொரு தரம் போடச் சொன்னாள்.